சொட்டும் குழாயும் நம் கடமையும்

குளியலறைக் குழாய் ஒழுகுவதை அற்ப விஷயமென்று அலட்சியம் செய்வோர், விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் விழும் ஜலம் ஒரு நாளில் 86,400 சொட்டுகளாகி, ஏறத்தாழ 4 லிட்டர் சாக்கடையில் கலந்து, வருஷத்தில் சுமார் 1,500 லிட்டர் விரயமாவதைச் சிந்திப்பதில்லை. 2019-இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வரவழைத்த சென்னைவாசிகளுக்கு இதன் தாத்பரியத்தை விளக்க வேண்டிய அவசியமில்லை.

பழைய திருகுக் குழாய்களில் இக்கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே நீர்வழியை அடைத்து நிற்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துபோவதே. அதை உணராமல் கைப்பிடியைப் பலங்கொண்டு இறுக்க இறுக்க, வாஷர் நசுங்குவதோடு அது அமரும் பித்தளை விளிம்பும் பழுதடைகிறது. மாடித் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடிவிட்டு, ஸ்பானரால் குழாயின் தலைப்பகுதியைக் கழற்றி, அதே அளவுள்ள புது வாஷரைப் பொருத்திவிட்டால், அற்பச் செலவில் காரியம் முடிந்துவிடும். விளிம்பே அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால், அப்போது குழாயையே மாற்றுவது நியாயம்.

வீட்டுக்காரர் செய்யட்டும் என்று குடியிருப்பவரும், குடியிருப்பவர் பொறுப்பு என்று வீட்டுக்காரரும் மாதக்கணக்கில் வாளாவிருப்பது இருவருக்கும் அழகன்று. அந்தத் தர்க்கத்தைப் பிறகு வைத்துக்கொண்டு, முதலில் வாஷரை மாற்றுங்கள்.