கணிப்பொறி அறிவோம்: மஞ்சள் முக்கோணம் சொல்லும் சேதி

வெளிநாட்டிலிருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேச அமரும் வேளையில் கேமரா இயங்க மறுக்கிறது. பிள்ளையின் விண்ணப்பத்தை அச்சிட வேண்டிய கடைசி நாளில் பிரிண்டர் அசைய மறுக்கிறது. "பொருள் பழுதாகிவிட்டது, புதிது வாங்குங்கள்" என்பார் ஒருவர். "ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்பார் மற்றொருவர். முன்னது பணத்தை விழுங்கும். பின்னது, நகல் எடுத்து வைக்காத திருமணப் படங்களையும் சான்றிதழ்களையும் அடியோடு அழித்துவிடக் கூடும். இவ்விரண்டில் எதற்கும் இசையுமுன் கணிப்பொறியையே கேட்டறிவது நன்று. தனக்குற்ற குறை இன்னதென அது ஓர் எண்ணால் உணர்த்துகிறது.

முற்காலத்தில் நம் துறைமுகங்களில் கப்பல் வணிகருக்கும் உள்ளூர் வணிகருக்கும் இடையே நின்று பேசிய துபாஷிகளைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணிப்பொறியில் அந்தப் பணியைச் செய்வதே டிரைவர் எனப்படும் மென்பொருள். விண்டோஸின் கட்டளையைப் பிரிண்டருக்குப் புரியும்படியும், பிரிண்டரின் பதிலை விண்டோஸுக்குப் புரியும்படியும் அது மாற்றித் தருகிறது. துபாஷி வராவிட்டாலோ, தவறாகப் பேசினாலோ வணிகம் நின்றுவிடும். சரக்கில் குறையிராது.

ஒரு காலத்தில் கருவிகள் தமக்குள்ளேயே பூசலிட்டதும் உண்டு. 1984-இல் வெளிவந்த ஐபிஎம் ஏடி வகைக் கணிப்பொறியில், கருவிகள் மையச் செயலியின் கவனத்தை ஈர்க்க 0 முதல் 15 வரை எண்ணிட்ட 16 தடங்களே இருந்தன. முதலாம் காம் துறையும் மூன்றாம் காம் துறையும் வழக்கமாக 4-ஆம் தடத்தையே பயன்படுத்தின. ஒன்றில் மவுஸும் மற்றொன்றில் மோடமும் இருந்தால், மோடம் தொலைபேசியை அழைத்தவுடன் மவுஸ் உறைந்து போவதுண்டு. 1995-இல் வந்த விண்டோஸ் 95, கருவிகளைத் தானே கண்டறிந்து தடங்களைப் பங்கிடும் முறையைக் கொணர்ந்தது. அதன்பின் வந்த கருவிகள் ஒரே தடத்தைப் பகிரவும் கற்றுக்கொண்டன. ஆகவே இன்று அத்தகைய பூசல் அரிது. டிரைவர் குறைபாடே பெரும்பாலும் எஞ்சி நிற்கிறது.

இனி, குறையைக் காணும் வழி. ஸ்டார்ட் பொத்தானின் மேல் மவுஸின் வலப்புற விசையை அழுத்தி, டிவைஸ் மேனேஜரைத் திறவுங்கள். குறையுள்ள கருவியின்மேல் மஞ்சள் முக்கோணத்துள் ஆச்சரியக்குறி தென்படும். அதை இருமுறை அழுத்தினால் ஒரு வாசகமும் கோட் எண்ணும் தோன்றும். அந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எண் 28 எனில், டிரைவர் நிறுவப்படவில்லை.
எண் 22 எனில், யாரோ அக்கருவியை முடக்கி வைத்துள்ளார்கள். எனேபிள் என்பதைத் தேர்ந்தால் போதும்.
எண் 10 எனில், கருவியைத் தொடங்க இயலவில்லை.
எண் 12 எனில், மேலே சொன்ன பழைய பூசல்: கருவிக்கு ஒதுக்கப் போதிய இடமில்லை.
எண் 43 எனில், கருவியே தன்னிடம் கோளாறு என அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது.
எண் 45 எனில், கருவி இணைக்கப்படவே இல்லை.

முக்கோணமே இல்லாமல் கேமரா மட்டும் மறுத்தால், பிரைவசி அமைப்பில் அதற்கு அனுமதி உள்ளதா என்று பாருங்கள்.

எண் 10, 43 இரண்டுக்கும் செலவில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள். ரீஸ்டார்ட் கொடுங்கள். பல கணிப்பொறிகளில் ஷட்டவுன் கொடுத்து மீண்டும் இயக்கினால், டிரைவர்களின் பழைய நிலையே திரும்ப ஏற்றப்படும். ரீஸ்டார்ட் அவற்றைப் புதிதாகத் தொடங்கச் செய்யும். பின்னர் வயரையும் யுஎஸ்பி துளையையும் மாற்றிப் பாருங்கள். முடிந்தால் கருவியை வேறொரு கணிப்பொறியில் இணையுங்கள். அங்கே இயங்கினால் கருவி நலமே. அங்கும் மறுத்தால் மட்டுமே பழுதென ஐயுறலாம்.

புதிய அப்டேட்டுக்குப் பின் தொல்லை தொடங்கியிருந்தால், டிரைவர் பகுதியிலுள்ள ரோல் பேக் என்பது முந்தைய டிரைவரை மீட்டுத் தரும். அதுவும் உதவாவிடில் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவலாம். ஆனால் வைஃபை டிரைவரை நீக்குவதாயின், அதற்கு மாற்றான டிரைவரை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். இல்லையேல் அதை இறக்குவதற்கே இணைய இணைப்பு இராது.

டிரைவரை எங்கிருந்து பெறுவது என்பதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். விண்டோஸ் அப்டேட், அல்லது கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் தளம், இவ்விரண்டே உரிய வாயில்கள். "எல்லா டிரைவர்களையும் இலவசமாகப் புதுப்பிக்கிறோம்" என்று அழைக்கும் மென்பொருள்களை அண்டவிடாதீர்கள். பல டிரைவர்கள் கணிப்பொறியின் உள்ளறையில் அமர்ந்து செயல்படுபவை. 2024 ஜூலை 19 அன்று கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் டிரைவர், பிழையான தகவல் கோப்பொன்றைப் படித்துத் தடுமாறியது. அதனால் 85 லட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. விமானங்களும் மருத்துவமனைப் பணிகளும் தடைப்பட்டன. பெயர்பெற்ற நிறுவனத்தின் டிரைவருக்கே இந்நிலை எனில், முகவரி தெரியாதவர் தரும் டிரைவரை என்னென்பது!

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றதால் பலரும் விண்டோஸ் 11-க்கு மாறி வருகிறார்கள். அதில் 64 பிட் டிரைவர்கள் மட்டுமே செல்லும். 32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள பழைய ஸ்கேனர் அங்கே ஊமையாகிவிடும். அது பழுதன்று, மொழி தெரிந்த துபாஷி இல்லாமையே. மாறுமுன், தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய டிரைவர் உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பழுதுபார்ப்பவரை அழைக்க நேர்ந்தாலும் குறையில்லை. குறித்து வைத்த எண்ணைக் காட்டி, "இந்த எண்ணுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஃபார்மட் ஒன்றே வழி என்பாராயின், காரணத்தையும் கேளுங்கள். தேய்ந்த வயரை எந்த ஃபார்மட்டும் சீராக்காது. படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வேறோர் இடத்தில் நகல் எடுத்த பின்னரே கணிப்பொறியை அவர் கையில் ஒப்படையுங்கள். அவ்வாறு நகல் எடுக்கும் எளிய முறைகளை அடுத்த இதழில் காண்போம்.