சீமாட்டியின் கை காய்த்ததாம்!

காதல் காவியம் என்கிறார்கள், 'கான் வித் த விண்ட்' படத்தை. 1939-இல் வந்த அமெரிக்கப் படம்; ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடுகிறது. நாமும் பார்த்தோம். நெஞ்சு நெகிழ்ந்தது உண்மை, தோழர்களே! நெகிழ்ந்த நெஞ்சிலே முள்ளொன்று தைத்ததும் உண்மை.

கதை நடப்பது ஜார்ஜியாவில், 1861-இல் மூண்ட உள்நாட்டுப் போரின்போதும் அதன் பின்னும். பருத்திப் பண்ணைச் சீமானின் மகள் ஸ்கார்லெட். போர் வந்தது, செல்வம் போனது, பசி வந்தது. பட்டு உடுத்தியவள் பருத்திக்காட்டில் இறங்குகிறாள். பண்ணைக்கு 300 டாலர் வரி கட்ட வேண்டும். சன்னல் திரையைக் கிழித்துத் தைத்த ஆடையிலே, சிறையிலிருக்கும் ரெட் பட்லரைத் தேடிப் போகிறாள். குறையொன்றுமில்லை என்கிறது வாய். அவனோ கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறான். காய்ப்பேறிய கை! பொய் வெளுத்தது. கிளார்க் கேபிளும் விவியன் லீயும் அந்தக் கட்டத்தில் நம்மைக் கட்டிப்போட்டு விடுகிறார்கள், மறுக்க மாட்டோம்.

ஆனால், சில மாதம் உழைத்துக் காய்த்த கைக்குக் கலங்கும் இந்தப் படம், பிறந்தது முதல் உழைத்துக் காய்த்த கைகளைப் பற்றி என்ன சொல்கிறது? வேலை முடிந்தது என்று குரல் கொடுக்கும் உரிமை யாருக்கு என அடிமைகள் இருவர் வாதிடுவதாக ஒரு காட்சி. அதை வேடிக்கை ஆக்கியிருக்கிறார்கள்! ஆலைச் சங்குக்குக் காது கொடுத்து நிற்பவனுக்கு அது வேடிக்கையா? ஸ்கார்லெட்டை வளர்த்த கறுப்பின ஆயாவுக்குப் படம் முழுதும் பெயரே இல்லை, 'மம்மி', அவ்வளவுதான்.

அந்த வேடம் பூண்ட ஹாட்டி மெக்டானியல், அட்லாண்டாவில் நடந்த முதற் காட்சிக்குப் போக முடியவில்லை. அங்கே ஆண்டது நிறவெறிச் சட்டம். 1940-இல் ஆஸ்கர் பரிசு பெற்றார். கறுப்பினத்தவர் பெற்ற முதல் ஆஸ்கர்! அந்த விருந்து மண்டபத்திலும் அவருக்குத் தனி மேசை. உடன் நடித்தவர்களோடு அல்ல.

காதலும் கேட்க வேண்டாம். குடிவெறியில் கணவன் ரெட், மனைவியை வலுவிலே தூக்கிக்கொண்டு மாடியேறுகிறான்; மறுநாள் அவள் சிரித்தபடி கண் விழிக்கிறாளாம்!

2020-இல் அமெரிக்க இணைய நிறுவனம் ஒன்று இப்படத்தைச் சில நாள் விலக்கி, விளக்கவுரை சேர்த்து மீண்டும் வெளியிட்டது. பூட்டி வை என்று நாம் கேட்கவில்லை. பூட்டினால் ஒரு நல்ல கட்டமும் போய்விடும். மர ஆலையிலே கைதிகளை வைத்து வேலை வாங்குகிறாள் ஸ்கார்லெட். பிறர் துன்பத்தில் பணம் பண்ண ஒப்பேன் என்கிறான் ஆஷ்லி, அவள் உருகி உருகி விரும்பிய கனவான். அடிமைகளை வைத்திருந்தபோது இந்தக் கூச்சம் எங்கே போயிற்று என்று திருப்பிக் கேட்கிறாள். தந்தை இறந்ததும் விடுவித்திருப்பேன் என்கிறான் அவன்.

விடுவித்திருப்பானாம்! தந்தை இருக்கும் வரை?