அமீர் பேசாத பேச்சு

அமீரகத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு ஆங்கிலச் செய்தித்தளம் என்றால் கல்ஃப் நியூஸ், இல்லாவிட்டால் கலீஜ் டைம்ஸ். இரண்டும் 1978இல் துபாயிலிருந்து அச்சில் வரத் தொடங்கியவை. தங்கம் விலை, விசா விதிமுறை, ரமலான் வேலை நேரம் போன்றவற்றுக்கு இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். அண்டை நாட்டு அரசியல் என்று வந்தால் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. அது இந்த இரண்டு தளங்களின் கோளாறு மட்டுமில்லை, வளைகுடா முழுக்க அப்படித்தான்.

2017 மே 24, நள்ளிரவு தாண்டிய நேரம். கத்தார் அரசுச் செய்தி நிறுவனத்தின் தளத்தில் அமீர் ஷேக் தமீம் பேசியதாக ஒரு செய்தி வந்தது. ஈரான் புறக்கணிக்க முடியாத இஸ்லாமிய சக்தி, டிரம்ப் பதவியில் நீடிப்பது சந்தேகம் என்கிற ரீதியில். முந்தைய நாள் ராணுவப் பட்டமளிப்பு விழாவுக்கு அமீர் போனது உண்மைதான். ஆனால் அங்கே அவர் பேசவே இல்லை, தளத்துக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்றது கத்தார்.

மறுப்பு வந்த பிறகும் அல் அரேபியாவும் ஸ்கை நியூஸ் அரேபியாவும் அந்தப் 'பேச்சை' விடவில்லை. ஊடுருவல் எதுவும் நடக்கவில்லை என்று நிரூபிக்கவும் முயன்றார்கள். ட்விட்டரிலும் வந்ததே, அரசுத் தொலைக்காட்சியின் அடிவரியிலும் ஓடியதே என்பது வாதம். மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. செய்தி நிறுவனத்தின் தளத்தில் ஏறுவதை மற்றவை எடுத்துப் போடுவதுதான் வழக்கம். ஊற்றில் விஷம் கலந்தால் எல்லாக் குழாயிலும் அதேதானே வரும்? மூன்று குழாய் மூன்று சாட்சி ஆகாது.

ஜூன் 5ஆம் தேதி சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாருடன் உறவை முறித்தன. பழைய பகை பல இருந்தன, இந்தச் செய்தி வெறும் தீக்குச்சி என்பதும் சரிதான். ஆனால் தோஹாவில் அண்ணனும் துபாயில் தம்பியுமாக இருந்த நம் குடும்பங்களுக்கு, ஒரு மணி நேர விமானப் பயணம் மஸ்கட்டையோ குவைத்தையோ சுற்றிப் போவதாக மாறியது. ஜூன் 7ஆம் தேதி அமீரகத் தலைமை அரசு வழக்கறிஞரின் அறிவிப்பு வந்தது: சமூக வலைத்தளத்தில் கத்தாருக்கு அனுதாபம் காட்டினாலும் 3 முதல் 15 ஆண்டு சிறை, குறைந்தது 5 லட்சம் திர்ஹாம் அபராதம். அல் ஜசீராவின் தளம் மே மாதமே முடக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பதுதான் வாசகனுக்கு விதிக்கப்பட்டது. இந்த நிலையில் ஆசிரியர் குழுவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

ஜூலையில் வாஷிங்டன் போஸ்ட், அமெரிக்க உளவு அதிகாரிகளை மேற்கோள் காட்டி, ஊடுருவலின் பின்னணியில் அமீரகம் இருந்ததாக எழுதியது. அமீரகம் அடியோடு மறுத்தது.

அப்போதிருந்து எனக்கு ஒரு பழக்கம். செய்தியின் தலைப்பைப் படிக்கும் முன் யார் தந்தது என்று பார்ப்பேன். 'வாம்' என்றிருந்தால் அது அரசின் அறிவிப்பு. அரசு என்ன சொல்ல விரும்புகிறது என்பதை அறிய அதைவிடச் சிறந்த இடமில்லை. பிறகு அதே செய்தியைத் தோஹாவின் கல்ஃப் டைம்ஸில் தேடுவேன். அவர்களும் தங்கள் அமீரை விமர்சிப்பவர்கள் அல்லர். ஆனால் இவர்கள் விட்டதை அவர்களும், அவர்கள் விட்டதை இவர்களும் போடுவார்கள்.

2021 ஜனவரி 5 அன்று அல் உலாவில் சமாதானம் ஆயிற்று. அந்த மாதமே துபாய்க்கும் தோஹாவுக்கும் இடையே நேரடி விமானங்கள் பறக்கத் தொடங்கிவிட்டன.