குதிரையும் நாகப்பட்டினமும்

குதிரைச் சவாரியில் கஷ்டம் ஏறுவதில் இல்லை. இறங்கின பிறகு நடப்பதில்தான் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வடக்கே, ஹைலேண்ட்ஸ் மலைகளில் மூன்று நாள் சவாரி போய்வந்த தகுதியில் இதைச் சொல்கிறேன். முதல் நாள் ராத்திரி விடுதியில் எல்லோரும் உட்கார்ந்து சூப் குடித்தார்கள். நான் நின்றுகொண்டு குடித்தேன்.

அந்த ஊர் மலைக்குதிரை பார்க்கக் குட்டை. தோள் உயரம் 148 சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆனால் வேட்டையாடின மானை முதுகில் சுமந்து மலையிறங்குகிற ஜாதி. என் தொப்பையெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா? எனக்கு வாய்த்த ஹேமிஷுக்கு ஒரே ஒரு பலவீனம், புல். மலை பூராவும் புல்!

"கடிவாளத்தை இழுத்துப் பிடிங்க. இல்லேன்னா அவனுக்கு நீங்க வெறும் லக்கேஜ்" என்றார் வழிகாட்டி அம்மாள். வயது அறுபதுக்கு மேல். சேணத்தில் உட்கார்ந்தால் நாற்பது.

இன்னொரு உபத்திரவம் 'மிட்ஜ்'. கொசுவுக்குப் பேரன் முறையாகும் ஒரு பூச்சி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கடித்தால் நன்றாகத் தெரியும். காற்றடித்தால் ஓடிவிடும். மூன்று நாளும் வருணனை மறந்து வாயுவைத்தான் வேண்டினேன்.

மற்றபடி சொர்க்கம். ஊதாப்பூ போர்த்திய மலை, கருப்புத் தேநீர் நிறத்தில் ஓடை, கண்ணுக்கெட்டிய தூரம் ஆளே இல்லை. "என்ன அமைதி!" என்றேன்.

"அமைதி தானா வரலை. ஆளைக் காலி பண்ணிக் கொண்டுவந்தது" என்றார் அம்மாள்.

காஞ்சொறிச் செடி மண்டின இடத்தைக் காட்டினார். நடுவே கற்குவியல். மனிதர் குடியிருந்த மண்ணில் காஞ்சொறி செழித்து வளருமாம். செடியைப் பார்த்தே வீடு இருந்த இடத்தைச் சொல்லிவிடுகிறார்கள். விஷயம் இதுதான்: குடியானவன் தரும் வாரத்தைவிட ஆட்டுப் பண்ணைக்காரன் தரும் குத்தகை அதிகம். ஆகவே ஜமீன்தார்கள் ஆடுகளை உள்ளே விட்டு ஆட்களை வெளியே அனுப்பினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆரம்பித்து நூறு வருஷம் நடந்த கதை.

குரோய்க் என்ற இடத்தில் சின்ன மாதாகோயில். 1845-ல் கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து விரட்டப்பட்ட சுமார் 80 பேர், குழந்தைகுட்டியோடு அதன் கல்லறைத் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். போகுமுன் ஜன்னல் கண்ணாடியில் வெளிப்பக்கம் கீறிவைத்த எழுத்து இன்னும் இருக்கிறது. பேர், ஊர், வருஷம். கூடவே, தாங்கள் பாவம் செய்த தலைமுறை என்று ஒரு வரி. விரட்டினவனைத் திட்டி எழுதவில்லை, தங்களையே நொந்துகொண்டிருக்கிறார்கள். எங்கள் கோஷ்டியில் யாரும் கொஞ்சநேரம் பேசவில்லை. ஹேமிஷ் மட்டும் மேய்ந்தான்.

எல்லோரும் வாய்மூடிப் போய்விட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மறுநாள் போன ஸ்ட்ராத்ரஸ்டேல் பக்கத்து ஜனங்கள், 1792-ல் ஆயிரக்கணக்கான ஆடுகளை ஒன்றாகத் திரட்டி மாவட்டத்தைவிட்டே ஓட்டக் கிளம்பினார்கள். பட்டாளம் வந்து தடுத்தது. அந்த வருஷத்துக்கே 'ஆட்டு வருஷம்' என்று பேர்.

கலகம் கிளம்பிய எஸ்டேட்டின் சொந்தக்காரர் சர் ஹெக்டர் மன்றோ. எங்கோ கேட்ட பேராக இருக்கிறதே என்று யோசித்தேன். 1764-ல் பக்ஸார் போரை ஜெயித்தவர். 1780-ல் பொள்ளிலூரில் ஹைதர் அலியிடம் ஆங்கிலேயப் படை அடிவாங்கியபோது, காஞ்சிபுரத்துக் குளத்தில் பீரங்கிகளைத் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடிவந்தவர். அடுத்த வருஷம் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தவர். அதே ஆசாமி!

மூன்றாம் நாள் ஃபைரிஷ் மலை, 453 மீட்டர். குதிரைகளைக் கீழே கட்டிவிட்டு நடந்து ஏறினோம். உச்சியில் வரிசையாகக் கல்வளைவுகள். நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் ஞாபகமாக மன்றோ கட்டியது என்கிறார்கள். பிழைப்பில்லாத உள்ளூர் ஏழைகளுக்குக் கூலி கொடுக்கவே கட்டினாராம். கூலி நாள் கூட வேண்டுமென்று, மேலே வந்த கல்லை அவரே கீழே உருட்டிவிட்டு மறுபடி சுமக்கச் சொன்னார் என்றும் கதை உண்டு. தருமப்பிரபு! நிலத்தை ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு, மனுஷனுக்குக் கல்லைக் கொடுத்திருக்கிறார்.

"இப்ப யார் நிலத்து வழியாவும் யார் வேணும்னாலும் போகலாம். 2003-லேயே சட்டம் வந்தாச்சு. குதிரையிலயும் போகலாம்" என்றார் அம்மாள். யாரும் தடுக்கவில்லை என்பது நிஜம்தான். வழிநெடுக வேலி, கேட், திறந்து மூடிக்கொண்டு வந்தோம்.

அன்று அந்த மண்ணில் பிறந்தவனுக்கு நிற்க இடமில்லை. இன்று தஞ்சாவூர் ஜில்லாக்காரன் நான் ஜாலியாகச் சவாரி போகிறேன். மன்றோ கட்டின வாசலை இருபது நிமிஷம் பார்த்தேன். எனக்கென்னவோ நினைவில் நிற்பது அந்த ஜன்னல் கண்ணாடிதான்.