பூஜ்யத்தின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

ஐரோப்பிய ஆணையம் தன் பட்ஜெட்டில் உள்ள திட்டங்களுக்குப் பாலினச் சமத்துவ மதிப்பெண் போடுகிறது. சமத்துவமே முதன்மை நோக்கம் என்றால் 2. முக்கிய நோக்கங்களில் அதுவும் ஒன்று என்றால் 1. சம்பந்தமே இல்லை என்றால் 0. இத்தோடு நிறுத்தியிருந்தால் கணக்கு கணக்காக இருந்திருக்கும். நாலாவதாக ஒரு குறியையும் சேர்த்தார்கள்: பூஜ்யம், அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். பலன் வரக்கூடும், இன்னும் தெளிவாகவில்லை என்று அதற்குப் பொருள். முதல் கணக்கெடுப்பிலேயே பணத்தின் பெரும்பகுதி இந்த நட்சத்திரத்தின் கீழ்தான் போய் ஒதுங்கியது. பரீட்சை எழுதியவரே விடைத்தாளையும் திருத்தினால் வேறென்ன நடக்கும்?

சட்டம் இல்லாததால் வந்த குறை அல்ல இது. 1957-இல் ரோமில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் 119-ஆவது பிரிவே, சம வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்றது. நியாய உணர்வு பொங்கி எழுதிய பிரிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரான்சில் சம ஊதியச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. அண்டை நாடுகள் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்துத் துணி நெய்து விற்றால் தன் ஆலைகள் படுத்துவிடும் என்று அது பயந்தது. எந்த வழியில் வந்தாலும் உரிமை உரிமைதான். ஆனால் ஏட்டில் ஏறிய அந்த வரி சுமார் இருபது ஆண்டுகள் தூங்கியது.

அதைத் தட்டி எழுப்பியவர் காப்ரியேல் தெஃப்ரென், பெல்ஜியத்தின் சபேனா விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக இருந்தவர். அதே வேலையைச் செய்த ஆண்களுக்கு அவரைவிடச் சம்பளம் அதிகம். அவர்கள் 55 வயது வரை பறக்கலாம். அவர் நாற்பதாவது பிறந்தநாளோடு இறங்கிவிட வேண்டும். எலியான் வோகல்-போல்ஸ்கி என்ற வழக்கறிஞரின் துணையோடு அவர் போராடினார். 1976 ஏப்ரல் 8 அன்று லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம், 119-ஆவது பிரிவைக் காட்டி எந்தப் பெண்ணும் தன் நாட்டு நீதிமன்றத்தின் படியேறலாம் என்று தீர்ப்பளித்தது. பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கின்றன. அடுத்த பத்தியையும் படிக்க வேண்டும். பழைய பாக்கியையெல்லாம் கொடுக்கச் சொன்னால் நிறுவனங்கள் தாங்காது என்று பிரிட்டனும் அயர்லாந்தும் முறையிட்டன. நீதிமன்றம் இணங்கியது: ஏற்கெனவே வழக்குப் போட்டவர்களைத் தவிர மற்றவர்கள் அன்றைய தேதிக்கு முந்தைய ஊதியத்தைக் கேட்க முடியாது. உரிமை உண்மை, கடன் தள்ளுபடி. கடனாளியின் நெருக்கடிக்காகக் கடன் கொடுத்தவரின் கணக்கை அழித்த தீர்ப்பு அது. காசு கொடுக்கும் நேரம் வரும்போதெல்லாம் ஐரோப்பா இதே வேலையைத்தான் செய்துவருகிறது என்பது நம் குற்றச்சாட்டு.

1999 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லாச் செயல்களிலும் ஆண்-பெண் ஏற்றத்தாழ்வைக் களைவதை நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்றது. பெண்களுக்கெனத் தனித்திட்டம் ஒன்றை ஒதுக்கிவிட்டு மற்ற கோப்புகளைப் பழையபடி நகர்த்துவது போதாது; சாலை, வரி, வீடு, மருத்துவமனை எதுவானாலும், யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்காமல் போகிறது என்று எழுதும்போதே கேட்க வேண்டும். நல்ல யோசனை. இதை வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்குகிறவர்கள் ஸ்வீடனின் கார்ல்ஸ்கூகாவைப் பார்க்கட்டும். அந்தச் சிறு நகரத்தில் பனி பெய்தால் முதலில் பெருஞ்சாலைகளை வழிப்பார்கள், நடைபாதைகளைக் கடைசியில். காரில் போகிறவர்களில் ஆண்கள் அதிகம். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டும் பேருந்து நிறுத்தத்தை நோக்கியும் நடப்பவர்களில் பெண்கள் அதிகம். வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தவர்கள் பெரும்பாலும் நடந்து போனவர்களே. வரிசையை மாற்றினார்கள்: நடைபாதையும் மழலையர் பள்ளி வாசலும் முதலில், கார்ச் சாலை பிறகு. மண்வெட்டியும் வண்டியும் பழையவைதான்.

வியன்னாவிலும் இப்படித்தான். தொண்ணூறுகளில் அங்கே பூங்காக்களில் விளையாடும் குழந்தைகளை எண்ணினார்கள். ஒன்பது வயதைத் தாண்டியதும் சிறுமிகள் காணாமல் போனார்கள், சிறுவர்கள் அங்கேயே இருந்தார்கள். சிறுமிகளுக்கு விளையாட்டில் ஆசையில்லை என்று முடிவுகட்டுவது சுலபம். நகராட்சி அப்படிச் செய்யவில்லை. ஒற்றைப் பெரிய மைதானத்தை ஒரே கூட்டம் பிடித்துக்கொள்வதைக் கண்டு அதைப் பிரித்தது. கூடுதல் பாதை, பூப்பந்துக்கும் கைப்பந்துக்கும் இடம் என்று 1999-இல் இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தது. சிறுமிகள் திரும்பி வந்தார்கள். ஏவா கைல் போன்ற நகரமைப்பு அதிகாரிகள் இதையே வேலையாக எடுத்துச் செய்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. பெயர் சொல்லக்கூடிய ஒருவர் பொறுப்பில் இருந்தார்.

(நடைபாதைக்கு முதலிடம் தரும் முறைக்கு மாறியிருந்த ஸ்டாக்ஹோமில், 2016-இல் நூறாண்டில் எந்த நவம்பரும் காணாத பனி கொட்டி நகரம் முடங்கியபோது, 'சமத்துவப் பனி வழிப்பு' என்று கேலி பறந்தது. பழைய முறையில் நகரங்கள் முடங்கிய நாட்களில் அதை 'ஆண் பனி வழிப்பு' என்று யாரும் கேலி செய்ததாகத் தெரியவில்லை.)

உள்ளாட்சி அளவில் முடிந்தது பிரஸ்ஸல்ஸில் ஏன் முடியவில்லை? எல்லோருக்கும் பொறுப்பு என்று எழுதியதால் ஒருவரும் பொறுப்பேற்கவில்லை. இருந்த தனி அமைப்புகளும் கரைந்தன: 2008-இல் ஸ்பெயின் தொடங்கிய சமத்துவ அமைச்சகம், சிக்கன நடவடிக்கைகள் வந்த 2010-இலேயே சுகாதார அமைச்சகத்துக்குள் போய்விட்டது. ஸ்பெயின் அதைப் பிறகு மீட்டுக்கொண்டது. 2024-இல் ஆணையத்தின் தலைவர் உர்சுலா வான் டெர் லயன் புதிய ஆணையத்துக்கு ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரு பெயர்களை அனுப்புங்கள் என்று கேட்டபோது பெரும்பாலான அரசுகள் ஓர் ஆணின் பெயரை மட்டும் அனுப்பின. எவ்வளவோ பேசிப் பார்த்து 27 பேரில் 11 பெண்கள் தேறினார்கள். சமத்துவத் துறை தனியாக இருந்தது போய், நெருக்கடி மேலாண்மையோடு ஒரே ஆணையர் கையில் சேர்ந்தது.

இவற்றையெல்லாம்கூட விட்டுவிடலாம். விட முடியாதது கொரோனாவுக்குப் பிந்தைய மீட்பு நிதி. ஒன்றியம் கடன் வாங்கித் திரட்ட முடிவுசெய்த தொகை 75,000 கோடி யூரோ. நோயாளிகளைச் சுமந்த சுகாதாரப் பணியாளர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் பெண்கள். அந்த நிதியின் பெரும்பகுதியைப் பகிர்ந்த விதிமுறை, ஒவ்வொரு நாடும் குறைந்தது 37 சதவீதத்தைக் காலநிலைக்கும் 20 சதவீதத்தை டிஜிட்டலுக்கும் ஒதுக்கியே தீர வேண்டும் என்றது. சமத்துவத்துக்கு? திட்டம் எப்படி உதவும் என்று விளக்கினால் போதும் என்றது. ஒன்றுக்கு எண், மற்றொன்றுக்குக் கட்டுரை. 2021 மே மாதம் ஒன்றியத்தின் சொந்தத் தணிக்கை நீதிமன்றமே, பட்ஜெட்டில் சமத்துவம் பற்றிய வாக்குறுதியை ஆணையம் காப்பாற்றவில்லை என்று அறிக்கை கொடுத்தது.

ஆகவே, தெரியாமல் நடந்த தவறு என்று இதை மன்னிக்க முடியாது. கட்டாயப்படுத்தத் தெரிந்தவர்கள் எதைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தார்கள். பணத்தை நிறுத்திவைக்கவும் அவர்களுக்குத் தெரியும்: சட்டத்தின் ஆட்சி சீர்குலைகிறது என்று 2022 டிசம்பரில் ஹங்கேரிக்குப் போகவேண்டிய 630 கோடி யூரோவை முடக்கினார்கள். உறுப்பு நாடுகளின் உள்விவகாரம் என்ற சாக்கு அப்போது எழவில்லையா? எழுந்தது, எடுபடவில்லை.

2028 முதல் 2034 வரைக்கான பட்ஜெட்டாக ஏறத்தாழ 2 லட்சம் கோடி யூரோவை 2025 ஜூலையில் ஆணையம் முன்மொழிந்தது. நட்சத்திரக் குறியை அடியோடு நீக்கி, குழந்தை-முதியோர் பராமரிப்புக்கும் பெண்களின் வேலைக்கும் குறைந்தபட்சப் பங்கைச் சதவீதமாக எழுதி, கணக்குக் காட்டாத நாட்டுக்குத் தவணையை நிறுத்தும் அதிகாரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். இந்தப் பட்ஜெட் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் நிறைவேறாது. அங்கே வரிக்கு வரி திருத்தம் போட முடியாது. ஏற்கலாம், அல்லது மறுக்கலாம். அந்தப் பங்கு இல்லாமல் வந்தால் உறுப்பினர்கள் மறுக்க வேண்டும்.