பேரனுக்கு இல்லை, எனக்குத்தான்!

முப்பது வருடம் கழித்து மறுபடி ரேடியோ கன்ட்ரோல் விமானம் கட்ட உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜை பூரா பால்சா மரத்தூள். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "பேரனுக்கா சார்?"

இல்லை, எனக்குத்தான்.

"ட்ரோன்தான் ரெடிமேடா கிடைக்குதே, எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்பது அடுத்த கேள்வி. கிடைக்கிறது. ஜி.பி.எஸ். வைத்த ட்ரோனில் கையை எடுத்தாலும் அது பாட்டுக்கு அந்தரத்தில் நிற்கும். ஓட்டுவது அதிலுள்ள சிப். நீங்கள் வேடிக்கை பார்ப்பவர், அவ்வளவுதான்.

நாமே கட்டிய விமானம் அப்படி இல்லை. வால் பக்கம் கனம் கூடினால் சொன்ன பேச்சு கேட்காது. வேகம் குறைந்த நேரத்தில் மூக்கைத் தூக்கினால் தொப்பென்று விழும். நம்மைப் பார்த்து வரும்போது இடது வலதாகிக் குழப்பும்.

அந்த நாளில் பக்கத்தில் ஒருத்தர் அதே அலைவரிசையில் ரிமோட்டைப் போட்டாலே என் விமானம் தரைக்கு வந்துவிடும். பழியை அவர்மேல் போடலாம். இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்து அந்தச் சாக்கும் போயிற்று. விழுந்தால் பெரும்பாலும் தப்பு என்னுடையது.

இதைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மறுக்கிறோம். தப்பே பண்ணாமல் மார்க் வாங்கப் பழக்குகிறோம். உடைந்ததை ஒட்டி, மறுபடி பறக்கவிட எந்த டியூஷனில் சொல்லித்தருகிறார்கள்?

அடுத்த பிறந்தநாளுக்கு ரெடிமேட் ட்ரோன் வேண்டாம். பால்சாவும் பசையும் வாங்கிக் கொடுங்கள். முதல் நாளே உடையும். திட்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுங்கள்.