எஞ்சின் ரெண்டு, டேங்க் ஒண்ணா?

பெரம்பலூர்ல உட்கார்ந்துக்கிட்டு ஆடிட்டர் ஏன் படகைப் பத்திப் பேசறார்னு நினைக்காதீங்க. அரியலூர் சுண்ணாம்புப் பாறையில இன்னிக்கும் கடல் உயிரிகளோட புதைபடிவங்கள் கிடைக்குது. இதுவும் ஒரு காலத்துல கடல்தான்!

‘கேட்டமரான்’ங்கற பேரே நம்ம கட்டுமரத்துலேர்ந்து போனது. ஆனா இன்னிக்கு அந்தப் பேர்ல ஓடற இரட்டை உடல் படகோட வடிவம் பசிபிக் தீவுக்காரங்களோடது. 1950-கள்ல ஜேம்ஸ் வாரம்ங்கற பிரிட்டிஷ்காரர், தானே கட்டின சின்ன கேட்டமரான்லயே அட்லாண்டிக்கைக் கடந்தார். இப்பவும் பலர் சொந்தமா கட்டறாங்க. அந்த வீடியோக்களைப் பார்த்தப்போ எனக்குள்ள இருக்கிற கணக்குப்பிள்ளை முழிச்சுக்கிட்டான்.

இந்தப் படகுல பொதுவா பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு எஞ்சின் வைப்பாங்க. ஒண்ணு நின்னா இன்னொண்ணு கரை சேர்க்கும். ஸ்டியரிங் உடைஞ்சாலும், ஒரு எஞ்சினை வேகமாவும் இன்னொண்ணை மெதுவாவும் ஓட்டினா படகு திரும்பும்.

ஆனா ரெண்டு எஞ்சினுக்கும் டீசல் ஒரே டேங்க்லேர்ந்து போனா? அதுல தண்ணியோ அழுக்கோ கலந்தா ரெண்டுமே நின்னுடும். அதனாலதான் விவரமானவங்க எஞ்சினுக்கு ஒரு டேங்க், ஒரு ஃபில்டர்னு தனித்தனியா வைக்கறாங்க. ஸ்டியரிங் போனா கையால திருப்ப ஒரு கம்பியும் ரெடியா வெச்சிருப்பாங்க.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். நானும் மனைவியும் முன்னாடி ஒரே கம்பெனியில வேலை பார்த்தோம். ரெண்டு சம்பளத்தையும் சேர்த்துக் காட்டி ஹோம் லோன் வாங்கினோம். ‘ஒருத்தர் வேலை போனா இன்னொருத்தர் இருக்கோமே’ன்னு தைரியம். 2020 லாக்டவுன்ல ஒரே மாசத்துல ரெண்டு பேருக்கும் சம்பளத்துல வெட்டு. EMI மட்டும் குறையல. மனைவியோட நகையை அடகு வெச்சுத்தான் கட்டினோம். நான் ஒரு சிஏ. ஊருக்கெல்லாம் கணக்குப் பார்க்கறவன். அந்தக் கடையில வரிசையில நின்னது இன்னும் உறுத்துது.

ரெண்டு சம்பளம் இருக்கிறதாலேயே பாதுகாப்பு வந்துடாதுங்கறதுதான் என் கருத்து. அது எந்த டேங்க்லேர்ந்து வருதுன்னு பாருங்க. ஒரே கம்பெனி, ஒரே துறை, போதாக்குறைக்குச் சேமிப்பும் அதே கம்பெனி ஷேர்ல. எல்லாம் ஒரே டேங்க்தான்! கம்பெனி தர்ற ஹெல்த் இன்ஷூரன்ஸும் பொதுவா வேலையோட சேர்ந்தே போயிடும்.

அதனால மூணு விஷயம் பண்ணுங்க. EMI-யை ஒருத்தர் சம்பளத்துக்குள்ள அடக்குங்க. ஆறு மாசச் செலவை, EMI-யும் சேர்த்து, தனி அக்கவுண்ட்ல வைங்க. சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி எடுங்க.

கரையில நிக்கும்போது எல்லாப் படகும் அழகாத்தான் இருக்கும். உங்க வீட்டுல எத்தனை டேங்க்? கமெண்ட்ல சொல்லுங்க.